நான்காவது எதிரொலி

கோச்சடையில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வீட்டுக்கு நடக்க ஏழு நிமிடம் ஆகும். தோளில் கிடாரும் கையில் கனத்த பையுமாக வந்த ஸ்ரீநாத்துக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. 2004ஆம் வருடம், சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. வைகைப் பக்கமிருந்து வந்த காற்றில் ஈரம் என்பதே இல்லை. தெருவில் ஓர் ஆள் இல்லை.

வீடு சீதாராமனுடையது. மெல்லிசைக் குழு நடத்துகிறவர், கீபோர்டு வாசிப்பவர். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பங்குனியிலிருந்து ஆடி வரை எந்தத் திருவிழா மேடையிலும் அவர் குழுவைப் பார்க்கலாம். குழுவில் மற்றவர்கள் ஒருவரையொருவர் அண்ணே, மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் ஒருவரைத்தான் சார் என்பார்கள். அவர் காது அப்படி. பத்து வாத்தியம் முழங்கும்போதும் ஒரு கம்பி அரைக்கால் சுருதி இறங்கியிருந்தால் திரும்பிப் பார்ப்பார். ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் வந்தாலோ அவருக்கு வாசிப்பே ஓடாது.

ஸ்ரீநாத் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் மகால் பக்கத்தில் அப்பாவின் சுங்குடிச் சேலைக் கடை, மதியத்துக்கு மேல் கிடார். தனியாக வாசித்துப் பழகட்டும் என்று சீதாராமன் அவனிடம் பின்கட்டுச் சாவியைக் கொடுத்திருந்தார்.

பின்கட்டு ஹாலில் நாலு சுவரிலும் பழைய மெத்தைகளை ஆணியடித்திருந்தார்கள். ஜன்னல்களைப் பஞ்சு திணித்து மூடியிருந்தார்கள். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் சட்டென்று அறுந்துபோகும். தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்கும்.

ட்யூப் லைட்டைப் போட்டுவிட்டு ஸ்ரீநாத் பையைத் திறந்தான். முதலில் எடுத்தது டிஜிட்டல் ஆம்ப் மாடலர். சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. முப்பது வகைப் பெரிய ஆம்ப்ளிஃபையர்களின் குரலைத் தனக்குள் வைத்திருந்தது. ஒரு குமிழைத் திருப்பினால் போதும், கிடாரின் சத்தம் வேறு ஆம்ப்ளிஃபையரில் வாசித்ததுபோல் மாறிவிடும். எதிரொலியும் அதற்குள்ளேயே உண்டு. ஆனால் அந்த எதிரொலி ஸ்ரீநாத்துக்குப் பிடிக்கவில்லை. முதல் தடவை வந்தது மாதிரியே மூன்றாம் தடவையும் வந்தது, ஜெராக்ஸ் எடுத்ததுபோல. பழைய எதிரொலிப் பெடல்களில் ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் மங்கும், கொஞ்சம் தள்ளிப் போகும். யாரோ வாசித்துக்கொண்டே நடந்து போவதுபோல இருக்கும்.

அதற்காகத்தான் ஆரப்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் காளையிடம் இரண்டு பழைய பெடல்களை வாங்கிவந்திருந்தான். காலால் மிதித்து இயக்கும் இரும்புப் பெட்டிகள். ஒன்று மஞ்சள், கிடாரின் சத்தத்தைக் கரகரப்பாக்கும். மற்றது நீலம், எதிரொலி.

கிடாரிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து நீலத்துக்கு, நீலத்திலிருந்து மாடலருக்கு, அங்கிருந்து ஹால் மூலையில் நின்ற பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு என்று ஒயர்களை மாட்டினான். நீலப் பெடலில் மூன்று தடவை மட்டும் திரும்பிவருமாறு குமிழை வைத்தான். ஒரு கம்பியைத் தட்டினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அருமையாக இருந்தது. மூன்றாவது எதிரொலி மெத்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல வந்து அடங்கியது. ஸ்ரீநாத் சிரித்துக்கொண்டான்.

நான்காவதாக ஒன்று வந்தது.

அது கிடார் சத்தம் இல்லை.

மூச்சு. மைக்குக்கு மிக அருகில் ஒருவர் விடுகிற மூச்சு.

ஸ்ரீநாத் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். ஸ்பீக்கரில் தாழ்வான ஓர் இரைச்சல் மட்டும் நின்றது. ஹாலில் லேசாக ஒரு வாடை. சுவிட்ச் போர்டு சூடாகிக் கருகும்போது வருமே, அந்த வாடை. போர்டைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்துதான் இருந்தது.

அவன் பயந்தாங்கொள்ளி இல்லை. பொருள் கெட்டால் எங்கே கெட்டது என்று தேடுகிற ஆள். ஆகவே தேடினான். பெடல்களின் அடாப்டரைக் கழற்றிவிட்டுச் சதுர பேட்டரி போட்டான். இரைச்சல் இருந்தது. மஞ்சள் பெடலை எடுத்துவிட்டான். இருந்தது. நீலத்தை எடுத்துவிட்டுக் கிடாரை நேராக மாடலரில் செருகினான். நின்றது. நீலத்தைத் திரும்ப வைத்தான். வந்தது. கிடாரையே கழற்றிவிட்டு நீலத்தை மட்டும் விட்டான்.

அப்போதும் வந்தது. முன்னைவிடக் கூடுதலாக.

பழைய பெடல்கள் சில சமயம் ரேடியோ அலைகளைப் பிடித்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அப்படித்தான் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு மாடலரில் இரைச்சலை வடிகட்டும் குமிழைக் கொஞ்சம் திருப்பினான். இரைச்சல் இறங்கியது. அதற்கு அடியிலிருந்து ஒரு குரல் மேலே வந்தது.

ஓர் ஆண்குரல், மைக்கைச் சோதித்துப் பார்க்கிறவர் மாதிரி எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அப்புறம் பட்டென்று அறுந்தது.

ஸ்ரீநாத் ஸ்பீக்கருக்கு அருகில் போய்க் காதைக் கொடுத்தான்.

அந்தக் குரல் தமிழில் எண்ணவில்லை. அவன் வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசும் சௌராஷ்டிரத்தில் எண்ணியது. எந்த ரேடியோ நிலையத்தில் எவர் சௌராஷ்டிரத்தில் மைக் சோதிக்கப்போகிறார்கள்?

மறுநாள் சாயங்காலம் ரிகர்சலுக்கு முன்பே சீதாராமன் வந்துவிட்டார். ஸ்ரீநாத் மாடலரைக் காட்டினான். அவர் குனிந்து குமிழ்களைப் பார்த்தார், பாராட்டினார். பிறகு அவர் பார்வை பக்கத்திலிருந்த நீலப் பெடலுக்கு நகர்ந்தது.

"இது எங்க வாங்கின?"

"காளண்ணே கடையில சார். ஆரப்பாளையத்துல."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தார். உள்ளங்கையை மட்டும். ஸ்ரீநாத் அதைக் கவனித்தான்.

"இது ரவிசங்கரோட பெடல்," என்றார். "உனக்கு முன்னாடி நம்ம குழுவில கிடார் வாசிச்சவன். உங்க சௌராஷ்டிர ஆளுதான், முனிச்சாலை. தெரியாதா?"

"கரண்ட் அடிச்சு இறந்தாருன்னு கேள்விப்பட்டிருக்கேன் சார்."

"தொண்ணூத்தெட்டு. வாடிப்பட்டி பக்கம் ஒரு கோயில் திருவிழா. அன்னைக்கு மைக் செட்டு, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அந்தக் காளைதான். எர்த்துக்கு ஒழுங்காக் குழி வெட்டல. கிடார் கம்பியில கரண்ட் ஏறி நின்னுருக்கு. இவன் கம்பியப் பிடிச்சுக்கிட்டே மைக்ல வாய வச்சான். அம்புட்டுதான்." அவர் கைக்குட்டையை மடித்தார். "போலீஸ் கேஸ் ஆச்சு. அதுக்கப்புறம் எந்த ஊர்லயும் அவனை மேடைப் பக்கம் சேக்கல. அவன் கடையில இனிமே எதுவும் வாங்காத. இதைத் தூக்கிப் போட்ரு. அதான் மெஷின் வச்சிருக்கேல்ல, அதுல இல்லாததா?"

"இதுல ஒரு இரைச்சல் வருது சார்."

"அதான் சொல்றேன், தூக்கிப் போட்ரு."

அவர் அதைச் சொன்ன வேகம் ஸ்ரீநாத்துக்கு உறுத்தியது. எந்த இரைச்சலையும் எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்க்காமல் விடாத மனிதர். இது என்ன இரைச்சல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனாலும் அன்று அவன் சந்தேகமெல்லாம் காளை மேல்தான் விழுந்தது. செத்தவனின் பெடல் கொன்றவன் கடையில் ஆறு வருடம் என்ன செய்துகொண்டிருந்தது?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே ஒடுங்கிய கடை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கே பஸ்களின் ஹாரன் காதைப் பிய்த்தது. காளை ஐம்பது வயதுக்காரர், மெலிந்த தேகம். ஒரு டேப்ரெக்கார்டரைத் திறந்து வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஸ்ரீநாத்தைப் பார்த்ததும் பற்றவைப்புக் கோலைத் தாங்கியில் வைத்தார். வருவான் என்று எதிர்பார்த்திருந்தவர் மாதிரி.

"ரவிசங்கர் அண்ணே பெடலை எனக்கு ஏன் வித்தீங்க?" என்று ஸ்ரீநாத் நேரடியாகக் கேட்டான்.

"சீத்தா சார் சொன்னாரா?"

"நீங்க எர்த் போடலைன்னு சொன்னாரு."

காளை கடைப் பலகைக்கு மேலாகக் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"நானே கடப்பாறையப் பிடிச்சு நாலடி வெட்டுனேன் தம்பி. கரியும் உப்பும் போட்டு நாலு குடம் தண்ணி ஊத்துனேன். ரவி பக்கத்துல நின்னு, 'எதுக்குண்ணே இம்புட்டு ஆழம்'னு கேட்டுக்கிட்டு இருந்தாப்ல. அவனுக்கு ஆயிருச்சுன்னதும் நான் ஓடிப்போய் மெயினை இறக்குனேன். போலீஸ் வந்து பாத்தாங்க. ஒயரு, பிளக்கு எல்லாம் சரியா இருக்கு, அப்ப உன் குழிதான் சரியில்லைன்னுட்டாங்க. நானும் அப்படித்தான் போலன்னு நம்பிட்டேன். ரொம்ப நாளு."

"இந்தப் பெடல்?"

"கேஸ் முடிஞ்சு எம்பொட்டிகளத் திருப்பிக் குடுத்தப்ப அதுக்குள்ள கெடந்துச்சு. அவன் வீட்டுல கொண்டுபோய்க் குடுக்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? ஒருநாள் வேலை செய்யுதான்னு போட்டுப் பாத்தேன். இரைச்சல் வந்துச்சு. எத்தனையோ இரைச்சல் கேட்டிருக்கேன். இது அந்த மாதிரி இல்ல. அதுக்குள்ள என்னமோ இருக்கு. என் காதுக்குப் பிடிபடல."

"அதை எதுக்கு என் தலையில கட்டுனீங்க?"

காளை அவன் முகத்தைப் பார்த்தார். "சீத்தா சார் குழுவுல வாசிக்கிறேன்னு சொன்னீங்கள்ல. அதான்."

ஸ்ரீநாத்துக்குக் கோபம் வந்தது. தன்னை எதற்கோ பயன்படுத்தியிருக்கிறார் என்று தோன்றியது. திரும்பி நடந்தான். பஸ் ஏறிய பிறகும் ஒரு விஷயம் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. காளை அவ்வளவு நேரம் பேசியும் பழியை வேறு யார் மேலும் போடவில்லை. சீதாராமன் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் காளை மேல் போட்டு முடித்துவிட்டார்.

அன்று மதியம் நேராகக் கோச்சடைக்குப் போனான். இந்தத் தடவை கிடாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. நீலப் பெடலை மட்டும் மாடலரில் செருகி ஆம்ப்ளிஃபையரைப் போட்டான். கதவைச் சாத்தினான்.

இரைச்சல் வந்தது. கருகிய வாடையும் வந்தது.

மாடலரில் ஒலியைக் கூறுகூறாக வெட்டிப் பார்க்கும் வசதி இருந்தது. அடியில் ஓடும் கனத்த முழக்கத்தை முதலில் வெட்டினான். குரல் வந்தது, எண்ணியது, அறுந்தது. சில விநாடிகள் கழித்து மறுபடி முதலிலிருந்து எண்ணியது. மேலே சீறிய சத்தத்தை வெட்டினான். நாலுக்குப் பிறகு அறுந்தது என்று நினைத்த இடத்தில் இன்னும் ஏதோ இருந்தது. அவன் மண்டியிட்டு உட்கார்ந்து குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"…நின்னுருச்சே…"

இன்னும் கொஞ்சம்.

"…இரைச்சல் நின்னுருச்சே… என்ன…"

இன்னும் கொஞ்சம்.

"சார், இரைச்சல் நின்னுருச்சே. என்ன பண்ணீங்க?"

இளைஞனின் குரல். சந்தோஷமான குரல். அதில் பயமே இல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. பிறகு அறுந்தது.

ஸ்ரீநாத் குமிழிலிருந்து கையை எடுத்தான்.

சார்.

காளையை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

அப்போதுதான் கதவு திறந்திருப்பதை உணர்ந்தான். வெளி வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அதன் நடுவே ஒரு நிழல். சீதாராமன் வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"தூக்கிப் போடச் சொன்னேனே," என்றார்.

உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஸ்க்ரூ டிரைவர் இப்போது கையில் இருந்தது.

"இரைச்சல் தாங்கல," என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். "நான் சரி பண்றேன். நீ தள்ளு."

ஆம்ப்ளிஃபையரின் பிளக் இருந்த சுவரோரம் நடந்தார். ஸ்ரீநாத் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். ஒயர், பெடல், மாடலர், எதையும் தொடாமல் இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டான். இவர் என்ன செய்யப்போகிறார்? பிளக்கைத் திறக்கிறாரா, பிடுங்குகிறாரா? இந்த மனிதரோடு இந்த அறையில் இத்தனை நாள் தனியாக இருந்திருக்கிறோமே என்று நினைத்தான்.

சீதாராமன் குனிந்தார்.

கரண்ட் போய்விட்டது.

ட்யூப் லைட் அணைந்தது. மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. மாடலரின் திரையும் ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கும் அணைந்தன. ஜன்னலின் பஞ்சு இடுக்கில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும்.

இரைச்சல் நிற்கவில்லை.

இருவரும் அசையவில்லை. ஸ்பீக்கர் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. கருகல் வாடை இப்போது தொண்டையில் இறங்கியது. அந்தக் குரல் நிதானமாக எண்ணத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

"சார், இரைச்சல் நின்னுருச்சே. என்ன பண்ணீங்க?"

சீதாராமன் பிளக்கைப் பிடுங்கினார். அது அவர் கையில் தொங்கியது. இருட்டிலும் அதன் மூன்று பித்தளைக் கால்கள் தெரிந்தன.

"சார், இரைச்சல் நின்னுருச்சே. என்ன பண்ணீங்க?"

எதிரொலி என்றால் போகப்போக மங்க வேண்டும். இது மங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓர் அடி நெருங்கியது. முதலில் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பிறகு ஹாலின் நடுவிலிருந்து வந்தது. அப்புறம் சீதாராமனின் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"என்ன பண்ணீங்க?"

அவர் கதவுக்கு ஓடவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

"என்ன பண்ணீங்க சார்?"

"பச்சை ஒயரை எடுத்துட்டேன்டா," என்றார் சீதாராமன்.

இரைச்சல் நின்றது.

அந்த அமைதியில் அவர் பேசிக்கொண்டே போனார். ஸ்ரீநாத்திடம் பேசுவதாகத் தெரியவில்லை. "ஆம்ப்ளிஃபையர் இரைஞ்சுது. ஊர்ப் பெரியவங்க முன்னாடி உக்காந்திருந்தாங்க. பிளக்கத் திறந்து எர்த் ஒயரை மட்டும் உருவிட்டேன். இரைச்சல் போச்சு. எத்தனையோ மேடையில செஞ்சிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல. நீ கேட்டே. நான் சொல்லல. 'வாசிடா'ன்னு சிரிச்சேன். நீ மைக்ல வாய வச்சே…"

"அப்புறம் எப்படி பிளக் சரியா இருந்துச்சு?" என்று ஸ்ரீநாத் கேட்டான். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது.

சீதாராமன் கையில் தொங்கிய பிளக்கைப் பார்த்தார்.

"காளை ஓடிப்போய் மெயினை இறக்குனான். எல்லாரும் ரவியத் தூக்கப் போனாங்க. நான் ஒயரைத் திரும்ப மாட்டுனேன்."

கரண்ட் வந்தது. விசிறி மெல்லச் சுழன்றது. அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவித் தரையில் உருண்டது.

ஸ்ரீநாத் அவரை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. ஆட்டோ பிடித்து, அவரை ஏற்றி, ஆரப்பாளையத்துக்குக் கூட்டிப்போனான்.

கடையில் காளை எழுந்து நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். பற்றவைப்புக் கோலின் சுவிட்சை அணைத்தார்.

"அந்தக் குழிய இப்பவும் கனவுல வெட்டிக்கிட்டு இருக்கேன் சார்," என்றார். "இன்னும் ஓரடி ஆழமா வெட்டியிருந்தா பொழைச்சிருப்பானேன்னு. ஆறு வருஷமா."

சீதாராமன் அவர் கையைப் பிடிக்கப் போனார். காளை கையை இழுத்துக்கொண்டார்.

"என்கிட்டச் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. வாடிப்பட்டியில சொல்லுங்க. ரவியோட சம்சாரம், அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க."

அந்த வாரத்திலேயே சீதாராமன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொடுத்தார். திருவிழாக் கமிட்டிக்காரர்களைக் கூட்டிவைத்து அவர்கள் முன்னாலும் சொன்னார். குழு கலைந்தது. கேஸைத் திரும்ப எடுப்பார்களா, எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வைகாசியில் அதே கோயிலில் மைக் செட்டுப் போடக் காளையை ஊர்க்காரர்கள் கடைக்கே வந்து அழைத்தார்கள். அவர் போனார். நாலடிக்குப் பதில் ஆறடி வெட்டினார் என்று சொன்னார்கள்.

முனிச்சாலையில் ரவிசங்கரின் மனைவி ரம்யாஸ்ரீயின் வீட்டுக்கு ஸ்ரீநாத்தும் போயிருந்தான். சீதாராமன் சொல்லும்போது அவள் சுவரில் சாய்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். அழவில்லை. திட்டவுமில்லை. அவர் போன பிறகு ஸ்ரீநாத்திடம் வீட்டு பாஷையில் பேசினாள்.

"கடைசியா அவரு குரல் எப்படி இருந்துச்சு?"

"சந்தோஷமா இருந்துச்சு அக்கா."

"அன்னைக்கு அவருக்குத் தனியா ஒரு பாட்டு வாசிக்கக் குடுத்திருந்தாங்க. அதுக்காக ஒரு மாசம் பழகுனாரு. தொடங்கவே இல்ல." பிறகு, "இப்பப் போயிட்டாரா?" என்று கேட்டாள்.

போயிருப்பார் என்றான். அவள் நீலப் பெடலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அது எந்தச் சத்தமும் போடவில்லை என்று பின்னால் சொன்னாள்.

ஸ்ரீநாத் இரண்டு மாதம் கிடாரைத் தொடவில்லை. பிறகு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு மாடி அறையில், எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரை வந்திருந்தது. கீழே அம்மா சாரதாம்பாள் ஆட்டுக்கல்லைக் கழுவும் சத்தம் கேட்டது. கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்தான். மாடலரைத் தரையில் வைத்து பிளக்கை மாட்டினான். பெடல் எதுவும் இல்லை. கிடாரிலிருந்து வரும் ஒயரை இன்னும் பையிலிருந்தே எடுக்கவில்லை. ஹெட்போனை மட்டும் செருகிக் கட்டிலில் போட்டான். காப்பி குடித்துவிட்டு வந்து வாசிக்கலாம் என்று எழுந்து கதவுவரை போனான்.

டக்.

திரும்பிப் பார்த்தான். மாடலரின் சிறிய திரையில் சுருதி பார்க்கும் முள் வந்திருந்தது. அதை வரவைக்க வேண்டுமென்றால் ஓரத்திலிருக்கும் பொத்தானைக் காலால் அழுத்த வேண்டும்.

முள் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்தது. திரையில் கிடாரின் ஆறாவது கம்பியின் சுருதியைக் குறிக்கும் எழுத்து ஒளிர்ந்தது. அப்புறம் ஐந்தாவது கம்பி. முள் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நின்றது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. நாலு. மூன்று. இரண்டாவது கம்பிக்குத்தான் நேரம் பிடித்தது. இரண்டு தடவை இறங்கி, இரண்டு தடவை ஏறி, ஒருவழியாக நடுவில் வந்து நின்றது.

சுவரோரம் இருந்த கிடாரின் கம்பிகள் அசையவில்லை.

முதல் கம்பியும் சுருதி சேர்ந்தது.

கீழேயிருந்து அம்மா காப்பி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெயில் விழுந்த வெறும் தரையில், அந்தப் பொத்தான் தானாகக் கீழே அழுந்தியது.

டக்.

சுருதி முள் மறைந்தது. கட்டில் மேல் கிடந்த ஹெட்போனிலிருந்து, மிக மெல்லியதாக, ஒரு பாட்டு தொடங்கியது.